ஓசையும் செவியும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓசை நயம் பற்றிப் பேசுமாறு செயலர் பணித்தார். செப்பலும் அகவலும் துள்ளலும் தூங்கலும் இவ்வவைக்குப் புதியன அல்ல. பத்தாண்டுகளாக இங்கே அலசப்பட்டவையே. ஆகவே, ஓசையை எழுப்பும் நாவை விடுத்து, அதனை ஏற்கும் செவியைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதுவும் நம்மில் பெரும்பாலோர் கேட்பதினின்றும் வேறாகக் கேட்கும் செவி. ஆட்டிசம் உடைய பிள்ளைகளின் செவி.

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். அரசு ஆவணங்களில் இதனைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று குறிக்கின்றனர். நன்னோக்குடன் ஆக்கிய தொடர்தான். ஆயினும் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. புறவுலகம் இப்பிள்ளைகளை எட்டுவதில்லை என்னும் பொருளை அது தருகின்றது. ஒலியைப் பொறுத்தவரை பலரிடம் நிலைமை நேர்மாறானது. புறவுலகம் அளவுக்கு மிஞ்சி உள்ளே புகுந்துவிடுகிறது.

செவிக்கருவி பழுதுற்றதனால் வருவதன்று இது. கேள்திறன் சோதனையில் இப்பிள்ளைகளுள் மிகப் பலர்க்கும் காது சரியாகவே இருக்கும். காது கொணர்ந்த ஒலிகளை மூளை தரம் பிரிக்கும் முறையில்தான் வேறுபாடு. இந்த அரங்கில் மின்விசிறி சுழல்கின்றது. வெளியே பேருந்து ஒலி எழுப்புகின்றது. பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுக்கின்றார். இவற்றையெல்லாம் உங்கள் மூளை ஒதுக்கிவிட்டு என் குரலை மட்டும் முன்னே நிறுத்துகின்றது. நீங்கள் அதற்காக யாதொரு முயற்சியும் செய்யவில்லை. இவர்களுள் பலர்க்கோ விசிறியும் பேருந்தும் நாற்காலியும் என் குரலும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது அவர்களுக்குக் கூடுதல் கடினம் என்பதை 2004இல் வெளிவந்த ஆல்கன்டாரா குழுவினரின் ஆய்வு அளந்து காட்டிற்று. நாம் இரைச்சல் சற்றே தாழும் இடைவெளிகளில் சொல்லைப் பற்றிக்கொள்கின்றோம். அவர்களுக்கு அவ்விடைவெளிகள் அந்த அளவிற்குப் பயன்படுவதில்லை.

காலமும் ஒரு சிக்கல். கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தவர் தொல்காப்பியர். மெய்யெழுத்துக்கு அதில் பாதியே. ஓர் ஒலி எழுந்து ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் மூளையில் அதற்கொரு மறுமொழி தோன்றுகின்றது. ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் இம்மறுமொழி சராசரியாக நொடியின் நூற்றில் ஒரு பங்கு பிந்தி வருவதைப் பிலடெல்பியாவில் ராபர்ட்ஸ் குழுவினர் 2010இல் கண்டனர். நூற்றில் ஒரு பங்கு என்ன பெரிதா எனலாம். விரைந்த பேச்சில் அரை மாத்திரை மெய்கள் அடுத்தடுத்து ஓடி வரும்போது அந்தப் பிந்துதலும் பெரிதாகலாம். அமெரிக்க அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், தாமே ஆட்டிசம் உடையவர். சிறுமியாக இருந்தபோது பெரியவர்கள் விரைந்து பேசினால் தமக்கு உயிரொலிகள் மட்டுமே கேட்டன என்று கூறியுள்ளார். மெய் நீங்கிய மொழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 'கடல்', 'மடல்', 'படல்' மூன்றும் ஒன்றாகிவிடும். எதுகை மோனைக்கு உழைக்கும் நமக்கு இதன் இழப்பு விளங்கும்.

என் தமக்கை மகனுக்கு அகவை பதினான்கு. மிக்ஸி ஓடத் தொடங்குமுன்பே, அதன் மூடியை எடுக்கும் ஓசைக்கே காதைப் பொத்திக்கொள்வான். அதே பிள்ளை எவர்சில்வர் தட்டைத் தரையில் சுழலவிட்டு, அது அடங்கும் வரை குனிந்து கேட்பான். 'இவன் போடும் சத்தம் இவனுக்கு மட்டும் வலிக்காதோ?' என்று உறவினர் கேட்பதுண்டு. கேள்வி பழையது. 1943இல் பால்டிமோரில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் லியோ கேனர் இதனைக் குறித்து வைத்துள்ளார். அஞ்சும் ஒலிக்கு நிகரான ஒலியைக் குழந்தை தானே மகிழ்ச்சியுடன் எழுப்பும் என்றார். தான் எழுப்பும் ஒலி எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது அதற்குத் தெரியும். மிக்ஸி பிறர் கையில் இருக்கின்றது.

இவர்களுள் சிலரிடம் சுருதியறிவு மிகக் கூர்மையானது. இசைப் பயிற்சி பெறாத ஆட்டிசக் குழந்தைகள் தனிச் சுரங்களை நினைவில் நிறுத்துவதில் ஏனைய குழந்தைகளை விஞ்சியதை இலண்டனில் பமேலா ஹீட்டன் 1998இல் காட்டினார். இதைக் கேட்டவுடன், 'ஆகா, பிறவிக் கவிஞர்கள்' என்று பாடத் தொடங்கிவிடாதீர்கள். நம்மவர்க்கு அந்த ஆசை உண்டு. அடுக்களையின் குக்கர் விசிலுக்கு நடுங்கி அழும் குழந்தையிடம் அந்தப் புகழ் செல்லாது. எல்லாரும் ஒரே வகையினரும் அல்லர். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாதவர் உண்டு, பேரொலியைத் தேடிப் போவோரும் உண்டு.

கவிஞர்கள் கேட்க வேண்டிய செய்தி வேறொன்று. கேனர் 1946இல் எழுதிய கட்டுரையில் ஒரு சிறுவன் வருகின்றான். அவனுக்கு இரண்டு வயதிருக்கையில் தாய் அடுக்களையில் ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. அன்று முதல் அத்தகைய பாத்திரத்தைக் காணுந்தோறும் அப்பாட்டின் இரு சொற்களை அவன் ஓதலானான். கேட்டவர்க்குப் பொருளற்ற உளறல். கேனரோ அதனை உருவகம் என்றே அழைத்தார். அகராதியில் இல்லாத, ஒருவனுக்கு மட்டுமே உரிய ஆகுபெயர் அது. அதன் பொருளை அறிந்தவள் அன்று உடனிருந்த தாய் ஒருத்தியே. இப்பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கூறும் விளம்பர வரியும் பேருந்து நிலைய அறிவிப்பும் கிளிப்பேச்சென்று தள்ளத்தக்கன அல்ல. உடனிருந்தோரைத் தேடிக் கேட்கவேண்டிய சொற்கள் அவை. சங்கப் பாடலுக்குத் திணையும் துறையும் தேடும் நாம் இதற்கும் சற்று முயலலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் உறுப்பினர் ஒருவர் தம் மகளைக் கூட்டத்திற்கு அழைத்து வருவதை ஓராண்டாக நிறுத்திவிட்டார். அவளுக்குக் கவிதை பிடிக்கும். ஒலிபெருக்கியின் கீச்சொலியும் எதிர்பாராத கைதட்டலும் தாங்கவில்லை. இருபது பேர் அமரும் அறையில் நமக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று நானும் பலமுறை எண்ணியதுண்டு. அடுத்த மாதக் கவியரங்கை அஃதின்றி நடத்தலாம் எனவும், கைதட்டலுக்கு மாற்றாகக் கையை உயர்த்தி அசைக்கலாம் எனவும், பக்கத்து அறையைத் திறந்து வைக்கலாம் எனவும் செயலரிடம் எழுதிக் கொடுத்துள்ளேன். பாடுவோர் சற்று நிறுத்திப் பாடினால் மெய்யெழுத்துகளும் போய்ச் சேரும். அவளுக்கு ஓர் இருக்கை கதவருகே இருக்கட்டும்.