மீண்டும் தொற்றும் கொரோனா: மறுதொற்றின் சான்றுகளும் பாடங்களும்

கொரோனா நோயிலிருந்து முழுமையாக மீண்ட ஒருவரின் உடலில் அதே வைரஸ் வெளியிலிருந்து புதிதாக நுழைந்து பெருகுவதே மறுதொற்று எனப்படும். முதல் தொற்றின் எச்சம் நீண்ட நாள் தங்கியிருப்பது மறுதொற்று ஆகாது. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாமல்தான் 2020ஆம் ஆண்டின் முதற்பாதியில் உலகம் தடுமாறியது. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைக் காட்டும். அந்தத் துணுக்கு உயிர்ப்புள்ள வைரஸுடையதா, சிதைந்த வைரஸுடையதா என்று சொல்லாது. தென்கொரியாவில் குணமடைந்து வீடு திரும்பியவர்களில் பலருக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் மீண்டும் ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வந்தபோது அச்சம் பரவியது. அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அத்தகைய 285 பேரை ஆராய்ந்தது. அவர்களுடன் பழகிய 790 பேரையும் பின்தொடர்ந்தது. அவர்களிடமிருந்து மட்டுமே தொற்றியது என்று சொல்லத்தக்க ஒரு புதிய நோயாளிகூட இல்லை. ஆய்வகத்தில் வளர்க்க முயன்ற மாதிரிகளிலும் வைரஸ் வளரவில்லை. இறந்த வைரஸின் துணுக்குகளே சோதனையில் தென்பட்டன என்பது முடிவாயிற்று.

மறுதொற்று உண்மையிலேயே நிகழ்கிறது என்பதற்கு முதல் உறுதியான சான்று ஹாங்காங்கிலிருந்து வந்தது. 33 வயது ஆண் ஒருவருக்கு 2020 மார்ச் இறுதியில் இருமல், காய்ச்சல், தொண்டைவலியுடன் நோய் வந்து குணமானது. ஐரோப்பியப் பயணம் முடிந்து ஆகஸ்ட் 15 அன்று ஊர் திரும்பியபோது விமான நிலையச் சோதனையில் அவருக்கு மீண்டும் தொற்று தெரிந்தது. இம்முறை அறிகுறி ஏதுமில்லை. ஹாங்காங் பல்கலைக்கழக அறிஞர்கள் இரு மாதிரிகளின் மரபணு வரிசைகளையும் படித்து ஒப்பிட்டனர். 24 இடங்களில் வேறுபாடு இருந்தது. இரண்டும் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த வைரஸ்கள். இடைவெளி 142 நாட்கள். இந்தச் சான்றின் வலிமை முழுவதும் ஒரே ஒரு செயலில் அடங்கியிருக்கிறது: மார்ச்சில் எடுத்த மாதிரியை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். மாதிரிகள் வீசப்பட்ட இடங்களில் எத்தனை மறுதொற்றுகள் நிரூபிக்கப்படாமலே போயின என்று இனி எவராலும் கணக்கிட முடியாது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 25 வயது இளைஞர் ஒருவருக்கு ஏப்ரலில் வந்த முதல் தொற்று லேசாக இருந்தது. இடையில் இரண்டு முறை ‘நெகட்டிவ்’ வந்தபின், ஜூன் தொடக்கத்தில் வந்த இரண்டாம் தொற்றில் அவருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. இந்தியாவில் நொய்டா அரசு மருத்துவமனைப் பணியாளர்கள் இருவருக்கு, இரண்டு முறையும் அறிகுறியே இன்றித் தொற்றியதை மரபணு வரிசை உறுதிசெய்தது. ஆனால் எல்லோருக்கும் மரபணு வரிசை பார்ப்பது நடக்கிற காரியமன்று. எனவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் ஓர் அளவுகோலை முன்வைத்தனர்: குறைந்தது 102 நாள் இடைவெளியில் இரண்டு பாசிட்டிவ், நடுவில் ஒரு நெகட்டிவ். அந்த அளவுகோலின்படி 1,300 பேரில் 58 பேர், அதாவது 4.5 விழுக்காட்டினர், மறுதொற்றுக்கு ஆளானவர்கள். வேறு பல நாடுகள் 90 நாள் இடைவெளியை ஏற்றன. இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் ஒருவர் ஒரு முறைதான் எண்ணப்பட்டு வந்தார். மறுதொற்றுகளும் அதில் சேர்ந்தது 2022 ஜனவரி 31 முதல்தான்.

மனிதரைத் தொற்றும் பழைய கொரோனா வைரஸ்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946இல் தொடங்கிய சளிநோய் ஆய்வு நிலையத்தில், மனிதக் கொரோனா வைரஸ்களை 1960களில் இனங்கண்ட டேவிட் டைரலும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 1990இல் வெளியானது. 229ஈ என்னும் சளி வைரஸை 15 தன்னார்வலர்களின் மூக்கில் செலுத்தினர். 10 பேரைத் தொற்றியது. ஓராண்டு கழித்து அவர்களில் பெரும்பாலோருக்கு அதே வைரஸை மறுபடி செலுத்தினர். முன்பு தொற்றிய 9 பேரில் 6 பேரை அது மீண்டும் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. வைரஸ் வெளியேறிய காலமும் குறுகியிருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அதில் அப்படியே இருக்கிறது. தொற்றைத் தடுக்கும் ஆற்றல் வேறு, நோயைத் தடுக்கும் ஆற்றல் வேறு. முன்னது விரைவில் தேய்கிறது, பின்னது நிலைக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் 1980கள் முதல் சேமித்து வந்த பத்து ஆண்களின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, நான்கு சளிக் கொரோனா வைரஸ்களும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் ஒரே ஆளை மீண்டும் தொற்றுவது சாதாரணம் என்று 2020இல் காட்டினர்.

தொற்றைத் தடுப்பதற்கும் நோயைத் தடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடலின் எதிர்ப்பு அமைப்பிலேயே உள்ளது. மூக்கின் சளிச்சவ்வில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளே வைரஸ் நுழைவதைத் தடுக்க வல்லது. அது சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. இரத்தத்திலுள்ள ஐஜிஜி அதைவிட நீடித்தாலும் அதுவும் இறங்குமுகமே. எஞ்சி நிற்பவை நினைவு பி செல்களும் டி செல்களும். இவை விழித்தெழுந்து பெருகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடுவதால் தொற்று நிகழ்கிறது. ஆனால் நுரையீரல் பாழாகும் முன்பே பெரும்பாலும் அடக்கப்படுகிறது. எதிர்ப்பொருள்களின் முதன்மை இலக்கு வைரஸின் ஸ்பைக் புரதம். அது மாறினால் அவை இலக்கைத் தவறவிடும். டி செல்களோ வைரஸின் பல புரதங்களிலிருந்து சிறு துண்டுகளை அடையாளம் கொள்பவை. சில மாற்றங்களால் அவற்றை எளிதில் ஏமாற்ற முடியாது.

இந்த அடிப்படையை மறந்த எதிர்பார்ப்புக்குக் கொடிய சான்று பிரேசிலின் மனாஸ் நகரம். 2020 ஏப்ரல், மே மாதங்களில் முதல் அலை அங்கே கடுமையாக வீசியது. அக்டோபருக்குள் மக்களில் முக்கால் பங்கினருக்குத் தொற்றிவிட்டது என்று இரத்தக் கொடையாளர்களிடம் செய்த ஆய்வு மதிப்பிட்டது. தொற்று தானாகவே தணிந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. இளையோரைத் தொற்ற விட்டே சமூக எதிர்ப்பாற்றலை அடையலாம் என்ற கிரேட் பேரிங்டன் அறிக்கை அமெரிக்காவில் வெளியானதும் அதே அக்டோபரில்தான். 2021 ஜனவரியில் மனாஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத்திணறி இறந்தனர். முதல் மதிப்பீடு மிகையாக இருந்திருக்கலாம், எதிர்ப்பாற்றல் தேய்ந்திருக்கலாம், பின்னர் காமா என்று பெயர் பெற்ற புதிய திரிபு பழைய எதிர்ப்பொருள்களை ஏய்த்திருக்கலாம் என்று அறிஞர்கள் விளக்கினர். எந்த விளக்கத்தை ஏற்றாலும், தொற்றின் வழியே ஒரு நகரைக் காக்கலாம் என்ற கொள்கைக்கு அங்கே மனித உயிர்கள் விலையாயின. இதை மென்மையாகச் சொல்ல இடமில்லை.

பெருந்தொகை ஆய்வுகள் 2021இல் வந்தன. டென்மார்க்கின் நாடுதழுவிய சோதனைத் தரவுகள், முதல் தொற்று ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புத் தருவதாகக் காட்டின. 65 வயதைக் கடந்தோருக்கு அது 47 விழுக்காடே. பிரிட்டன் மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த சைரன் ஆய்வு 84 விழுக்காடு என்றது. அவ்வாண்டு நவம்பரில் அறியப்பட்ட ஒமைக்ரான் இந்தக் கணக்குகளைக் கலைத்துவிட்டது. ஸ்பைக் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கொண்ட திரிபு அது. கத்தார் ஆய்வில், முந்தைய தொற்று டெல்டா திரிபின் மறுதொற்றுக்கு எதிராக 92 விழுக்காடு காத்தது. ஒமைக்ரானுக்கு எதிராக 56 மட்டுமே. ஆனால் ஒமைக்ரான் மறுதொற்று கடுமையாவதற்கு எதிரான பாதுகாப்பு ஏறத்தாழ 88 விழுக்காடாக நின்றது. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையும் இதே படத்தையே தீட்டியது. சாலிஸ்பரியின் பதினைந்து பேரிடம் தெரிந்தது இப்போது இலட்சக்கணக்கானோரிடம் தெரிந்தது.

இதைக் கொண்டு மறுதொற்று தீங்கற்றது என்று முடிவுகட்டுவது தவறு. செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருமுறை மட்டும் தொற்றியவர்களைவிட மீண்டும் தொற்றியவர்களிடம் இறப்பும், மருத்துவமனை அனுமதியும், நுரையீரல், இதயக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் முதிய ஆண்கள் என்பதால் அந்த விகிதங்களை எல்லா வயதினருக்கும் பொருத்த இயலாது. இரண்டாம் தொற்று முதலாவதைவிடக் கொடியது என்று அந்த ஆய்வு சொல்வதாகப் பலர் எழுதினர். அது அப்படிச் சொல்லவில்லை. தொற்றாமல் தப்புவதைவிட மீண்டும் தொற்றுவது தீது என்பதே அது காட்டியது. எதிர்ப்பாற்றல் குன்றியோரின் நிலை இன்னும் கடினம். நெதர்லாந்தில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 89 வயது மூதாட்டி, முதல் தொற்றிலிருந்து மீண்டு இரண்டு மாதங்களில் வேறொரு வைரஸ் கிளையால் மீண்டும் தொற்றப்பட்டு உயிரிழந்தார்.

தடுப்பூசிக் கொள்கையும் இந்த அறிவை ஒட்டியே மாறியது. தொற்றை அறவே நிறுத்தலாம் என்ற எதிர்பார்ப்பு மங்கி, கடும் நோயையும் இறப்பையும் தவிர்ப்பது முதன்மை பெற்றது. முதியோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர், கர்ப்பிணிகள், முன்களப் பணியாளர் ஆகியோருக்கு 6 அல்லது 12 மாதங்களுக்குப் பின் கூடுதல் தவணை அளிக்குமாறு 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டில், அப்போது பரவிவந்த எக்ஸ்.பி.பி. வகைத் திரிபுகளுக்கு ஏற்பத் தடுப்பூசிகளின் உள்ளடக்கமும் மாற்றியமைக்கப்பட்டது.