ஜாடிக்குள் இருப்பதற்கும் கணக்கு வேண்டும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி என்றதுமே நடுங்கிய தலைமுறை இந்தப் புவனகிரிக் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மருந்து எதிலிருந்து வந்தது? ஆட்டு மூளையிலிருந்து! உயிரோடிருக்கும் ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை ஏற்றுவார்கள். நோய் முற்றிக் கால் விழுந்ததும் மூளையை எடுத்து அரைத்து மருந்தாக்குவார்கள். 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அப்படித்தான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் மருந்தோடு வந்த நரம்புத் திசு சிலரை முடக்கியும் போட்டது. 2004 கடைசியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. பதிலுக்கு வந்த தடுப்பூசிகளில் ஒன்று, 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களில் வளர்வது. அந்த உயிரணுக்கள் இன்றும் பெருகிக்கொண்டேயிருக்கின்றன. ஆடும் தப்பியது, கடிபட்டவனும் தப்பினான். விலங்குக்கு இரக்கப்பட்டால் விஞ்ஞானம் படுத்துவிடும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே சில மேதாவிகள், பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும், அவர்கள் ஒரு நடை குன்னூர் போய்வரட்டும்!

கைதட்டல் போதும், விஷயத்துக்கு வருகிறேன். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த விதிகள், சோதனை நடக்கும் நிறுவனம்தோறும் ஒரு நெறிக்குழுவை வைத்தன. விஞ்ஞானி அல்லாத பொதுமனிதர் ஒருவருக்கும் அதில் நாற்காலி உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குழுவின் கண் முதலில் போவது கூண்டுக்குள் உயிரோடிருக்கும் விலங்கின் மேல். இறைச்சிக்கூடத்திலிருந்து பையிலோ ஜாடியிலோ வரும் கண்ணும் ஈரலும் யார் பார்வையில் விழுகின்றன? உயிரணு வளர்க்க ஊற்றுகிறார்களே சீரம், அது சினைமாட்டை வெட்டும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் இதயத்தில் ஊசி குத்தி இழுத்த இரத்தத்திலிருந்து பிரித்தது. புட்டியில் நாட்டின் பெயர் இருக்கும், தொகுதி எண் இருக்கும். ஊசி இறங்கியபோது கன்றுக்கு உணர்வு இருந்ததா என்பது இருக்காது.

எப்படியும் வெட்டப்போகிற ஆடு, குப்பைக்குப் போகிற கண், அதில் படிப்பதில் என்ன பாவம் என்பார்கள். பாவமே இல்லை! கண் அறுவைக்குக் கை பழகும் இளம் டாக்டர் ஆட்டுக் கண்ணில் பழகட்டும், நம் கண்ணில் பழக வேண்டாம். ஆனால் குப்பைக்கு விலை வைத்த அன்றே அது சரக்காகிவிடுகிறது. சரக்குக்கு ரசீது வேண்டாமா? எந்தக் கூடம், என்ன தேதி, என்ன காரணத்துக்காக வெட்டியது என்று மூன்று வரி எழுதினால் ஆராய்ச்சி நின்றுவிடுமாம்! வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள். 2001-இல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அதன் காய்ந்த துண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சட்டத்துக்குத் துண்டும் உயிரும் ஒன்று, இன்னொரு சட்டத்துக்குத் துண்டு வெறும் பொருளா?

பிரியாணி சாப்பிடுகிறவன் இதைப் பேசலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். சாப்பிடுகிறவன் தான் சாப்பிடுவதை மறைப்பதில்லையே! வள்ளலார் பிறந்த மருதூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அளவுக்கு உயர்ந்துவிட்டு வாருங்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. கேட்பது பதிவேட்டில் மூன்று வரி, அவ்வளவுதான்.

இன்னொருவரை விட்டுவிட்டு என்னால் இறங்க முடியாது. விடியுமுன் கூண்டு கழுவுகிறாரே, எந்த எலி நேற்று தின்னவில்லை என்று பேராசிரியருக்கு முன்னால் கண்டுபிடிக்கிறாரே, அந்த மனிதர்! எந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வருகிறது? நெறிக்குழுவில் விலங்குக்கூடப் பொறுப்பாளருக்கு இடம் உண்டு, கழுவுகிறவருக்கு இல்லை. விதியைத் திருத்துகிற நாளில் பதிவேட்டோடு அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவரும் கையெழுத்துப் போட்ட பிறகே ஜாடி ஆய்வகத்துக்குள் போகட்டும்.