வயலுக்கு வரும் ஆலோசகர் யாருடைய ஆள்?

(விவசாய அரங்கில் பணியாற்றும் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேளாண் விரிவாக்கப் பணி. நிலம், கூலி, கடன், கொள்முதல் விலை என்று பேசிப் பழகிய நமக்கு இது ஏதோ அலுவலக விவகாரமாகத் தோன்றக்கூடும். எந்த விதையை வாங்குவது, எந்த மருந்தை எத்தனை முறை அடிப்பது என்பதை விவசாயி யாரிடம் கேட்கிறார் என்று பாருங்கள். அந்த ஒரு கேள்விக்குள் கடனும் அடங்கியிருக்கிறது, சாகுபடிச் செலவும் அடங்கியிருக்கிறது. சில இடங்களில் உயிரும் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டின் விரிவாக்க அமைப்புக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் கவுண்டிதோறும் இயங்கும் விரிவாக்க அலுவலகம்தான் அது. கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டம் அல்லது வட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அந்த முன்மாதிரியின் வரலாற்றை அறிந்துகொண்டால் நம் ஊர் வேளாண்மை அலுவலகத்தின் நிலையும் தெளிவாகும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

1862ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவே, மாநிலங்களில் வேளாண் கல்லூரிகள் அமைக்க நிலக்கொடை வழங்கும் மோரில் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். கொடையாக வழங்கப்பட்ட நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதை மறந்துவிடக்கூடாது. 1887இல் ஆய்வுப் பண்ணைகளுக்கான சட்டம் வந்தது. கல்லூரியும் ஆய்வும் உருவாயின. ஆனால் அங்கே கண்டறியப்பட்டது விவசாயியின் வயலுக்கு வந்து சேரவில்லை.

அதை வயலுக்குக் கொண்டுவந்தது ஒரு வண்டு. மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு, 1890களிலிருந்து பருத்தி வயல்களை அழித்துக்கொண்டே முன்னேறியது. 1903இல் டெக்சாஸின் டெரல் நகருக்கு அருகே, சீமன் நாப் என்ற வேளாண் அறிஞர் ஒரு விவசாயியின் சொந்த வயலிலேயே செயல்விளக்கம் நடத்தினார். அரசுப் பண்ணையில் விளைந்ததைக் காட்டினால் விவசாயி நம்பமாட்டார், தன் நிலத்தில் தன் கையால் செய்து பார்த்தால்தான் நம்புவார் என்பது அவருடைய கருத்து. நட்டம் வந்தால் ஈடுசெய்வதாக உள்ளூர் வணிகர்கள் பொறுப்பேற்றார்கள். நட்டம் வரவில்லை, லாபமே கிடைத்தது.

வணிகர்கள் ஏன் பொறுப்பேற்றார்கள்? பருத்தி அழிந்தால் விவசாயிக்குக் கொடுத்த கடன் திரும்பாது. 1906இல் முதல் கவுண்டி முகவர்கள் நியமிக்கப்பட்டபோது அதற்கான பணத்தில் ஒரு பகுதி உள்ளூர் வணிகர்களிடமிருந்து வந்தது. தென்மாநிலச் செயல்விளக்கப் பணிகளுக்கு ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கல்வி அறக்கட்டளை நிதி கொடுத்தது. 1911இல் நியூயார்க் மாநிலத்தின் புரூம் கவுண்டியில் முகவரை அமர்த்திய ஏற்பாட்டில் வேளாண்மைத் துறையோடு வணிகர் சங்கமும் ஒரு ரயில்வே கம்பெனியும் பங்கேற்றன. சரக்கு விளைந்தால்தானே ரயிலுக்குச் சரக்கு! மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்மித்-லீவர் சட்டம் 1914 மே மாதம் நிறைவேறியது. கவுண்டி விரிவாக்க அலுவலகம் நிரந்தர நிறுவனமாயிற்று.

அந்த அலுவலகம் செய்த நல்ல வேலைகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மண் பரிசோதனை, விதைத் தேர்வு, கால்நடை நோய்த்தடுப்பு, பெண்களுக்கு உணவுப் பதப்படுத்தல், சிறுவர்களுக்கு வேளாண் மன்றங்கள் என்று பல்கலைக்கழகத்தின் அறிவைச் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியர் வீடு தேடிக் கொண்டுசேர்த்தார். எதையும் விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆனால் அவர் யாருடைய வீட்டைத் தேடிப் போனார்? பல மாநிலங்களில் கவுண்டி முகவர் வேண்டுமானால் உள்ளூரில் விவசாயிகளின் அமைப்பு ஒன்று இருந்து, செலவில் பங்கேற்க வேண்டும். சந்தா கட்டக்கூடியவர்கள் வசதி படைத்தவர்கள். இப்படி உருவான ‘ஃபார்ம் பீரோ’க்கள் 1919-20இல் தேசிய சம்மேளனமாக இணைந்தன. அது பெரும் பண்ணையாளர்களின் அரசியல் குரலாக, தொழிற்சங்கங்களுக்கு எதிரான சக்தியாக வளர்ந்தது. அரசுச் சம்பளம் வாங்கும் முகவர் அதற்கு உறுப்பினர் சேர்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிணைப்பை அரசு ஆணை மூலம் அறுப்பதற்கு 1954 வரை ஆயிற்று.

நிறவெறி இதைவிடக் கொடியது. 1906இலேயே டஸ்கிகி கல்லூரியிலிருந்து தாமஸ் கேம்பெல் என்ற கறுப்பின முகவர், கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியுடன் அலபாமாவின் கிராமங்களுக்குச் சென்றார். அந்த வண்டித் திட்டத்தில் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் பங்கு பெரிது. ஆனால் 1914இன் சட்டம், எந்தக் கல்லூரிக்கு நிதியைக் கொடுப்பது என்ற முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. தெற்கின் சட்டமன்றங்கள் வெள்ளையர் கல்லூரிகளிடமே நிதியை ஒப்படைத்தன. கறுப்பின முகவர்கள் குறைவான எண்ணிக்கையில், குறைவான ஊதியத்தில், வெள்ளையர் மேற்பார்வையின் கீழ் பணிபுரிந்தார்கள். பிரிந்திருந்த அலுவலகங்கள் 1965இல்தான் இணைக்கப்பட்டன. அலபாமாவின் விரிவாக்கத் துறையில் இனப்பாகுபாடு நிலவியது என்று 1971இல்கூட நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

1933இல் நடந்ததைச் சற்று நிதானமாகக் கவனிப்போம். பெருமந்தத்தில் பருத்தி விலை சரிந்தது. விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்த ரூஸ்வெல்ட் அரசு முடிவு செய்தது. வளர்ந்து நின்ற பருத்தியையே ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் உழுது அழித்தார்கள். அழித்ததற்கு இழப்பீடு உண்டு. ஒப்பந்தங்களை எழுதி, நிறைவேற்றும் பொறுப்பு கவுண்டி முகவர்களிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் இருந்தது. ஒப்பந்தம் நில உரிமையாளருடன். காசோலையும் அவர் கைக்கே. அந்த நிலத்தில் வாரத்துக்கு உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பங்கை உரிமையாளர்கள் பல இடங்களில் கொடுக்கவில்லை. சாகுபடிப் பரப்பு குறைந்ததால் வாரக்காரர்களே தேவையில்லை என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். உதவித் திட்டமே வெளியேற்றும் கருவியாயிற்று.

1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரன்சாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது இதற்கான பதில். அலபாமாவில் 1931 முதலே கம்யூனிஸ்டுகள் கறுப்பின வாரக்காரர்களைச் சங்கமாகத் திரட்டி வந்தார்கள். அந்த ஆண்டே கேம்ப் ஹில்லில் சங்கத் தலைவர்களில் ஒருவரான ரால்ஃப் கிரே கொல்லப்பட்டார். அமெரிக்க விவசாயம் என்றாலே டிராக்டரும் பெரும் பண்ணையும் மட்டும் நினைவுக்கு வரும் நமக்கு இந்தத் தியாகங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இனி இந்தியா. 1948இல் உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கரின் வழிகாட்டலில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் உதவின. அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விரிவாக்கப் பணி. கிராம சேவக் என்ற ஊழியர் ஊருக்கு வந்தார். தெலங்கானாவின் ஆயுதப் போராட்டம் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிராமப்புறத்தில் கம்யூனிசத்துக்கு மாற்று என்றே அன்றைய அமெரிக்கத் தூதர் செஸ்டர் பவுல்ஸ் இத்திட்டத்தைக் கருதினார். நிலச்சீர்திருத்தம் நடக்காத கிராமத்தில் வந்து இறங்கிய கிராம சேவக், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. வாய்மொழிக் குத்தகையில் உழுதவருக்குக் காட்ட ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவருக்குக் கூட்டுறவுக் கடன் இல்லை. கடன் இல்லாதவருக்குத் தொகுப்பு எட்டாது. விளைச்சல் உயர்ந்த காலத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். விரிவாக்கத் திட்டம்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலவுடைமையும் சாதியும்தான் காரணம். உற்பத்தி பெருகினால் உறவுகள் தாமாகவே சீர்படும் என்ற வாதத்துக்கு அந்த மாவட்டமே மறுப்பாக நின்றது என்று சொல்கிறேன்.

இதையெல்லாம் கேட்டபின் சில தோழர்கள், விரிவாக்கப் பணியே ஏகாதிபத்தியம் நுழைத்த சரக்கு, அது சிதைந்தால் நமக்கென்ன என்று கேட்பதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. சிதைந்த இடம் வெற்றிடமாக இருக்காது. அங்கே வந்து உட்கார்ந்தவர் யார்?

1970களில் உலக வங்கியின் கடனோடு பயிற்சி-பார்வையிடல் முறை வந்தது. கடன் முடிந்ததும் அது தேய்ந்தது. தாராளமயத்துக்குப் பிறகு பணியிடங்கள் காலியாயின, நிரப்பப்படவில்லை. 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயக் குடும்பங்களிடம் கேட்டது. நவீனத் தொழில்நுட்பம் பற்றி எந்த வழியிலும் தகவல் பெறாதவர்கள் 60 சதவீதம். விரிவாக்க ஊழியரிடமிருந்து பெற்றவர்கள் 5.7 சதவீதம். உரம், விதை, மருந்து விற்பவரிடமிருந்து பெற்றவர்கள் 13.1 சதவீதம். நிலம் குறைவாக உள்ளவர்களுக்கு அரசு ஊழியர் இன்னும் அரிதாகவே எட்டினார்.

ஆக, இன்றைய கவுண்டி முகவர் நம் உரக்கடைக்காரர். நோயைக் கண்டறிபவரும் அவரே, மருந்தை விற்பவரும் அவரே, கடன் கொடுப்பவரும் அவரே. நிலுவை வைத்திருக்கும் கடையை விட்டு வேறு கடைக்கு விவசாயி போக முடியாது. அவர் சொன்ன மருந்தை மறுக்கவும் முடியாது. அவரைத் தனிமனித வில்லனாகச் சித்தரிப்பதில் பயனில்லை. காலையில் கடையைத் திறந்து வைத்திருப்பவர் அவர்தான், கையில் காசில்லாதபோது சரக்குக் கொடுப்பவரும் அவர்தான். கம்பெனியின் விற்பனை இலக்கு அவரையும் துரத்துகிறது. ஆனால் அரசு என்ன செய்தது? 2003 முதல் இந்தக் கடைக்காரர்களுக்கே வேளாண் விரிவாக்கப் பட்டயப் படிப்பு நடத்தி, அவர்களைத் துணை ஆலோசகர்களாக்குகிறது. பயிற்சி தவறில்லை. பயிற்சி பெற்றாலும் அவர் விற்றால்தான் அவருக்கு வருமானம் என்பது மாறவில்லையே!

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் கூலிக்குத் தெளித்த விவசாயத் தொழிலாளர்கள். பி.டி. பருத்தியின் தடுப்பாற்றலை மீறி இளஞ்சிவப்பு காய்ப்புழு பரவிய காலம் அது. பல மருந்துகளைக் கலந்து, பாதுகாப்பு உடையின்றி, ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே தெளித்தார்கள். தெளிப்பதற்கு முன் வயலுக்கு வந்து, இந்தக் கலவை வேண்டாம் என்று சொல்ல, எதையும் விற்க வேண்டிய கட்டாயமில்லாத ஓர் ஊழியர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊழியர் பெயரளவில் இன்றும் இருக்கிறார். அவருடைய பொழுது மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, அறுவடைச் சோதனை, செயலியில் படம் ஏற்றுவது என்று கழிகிறது. வயலில் நடக்க நேரமில்லை. அவரைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. அவருடைய ஊழியர் சங்கத்தோடு சேர்ந்து காலிப் பணியிடங்களுக்காகக் குரல் கொடுப்பதுதான் நமக்குப் பயன்படும்.

கேரளத்தில் 1987 முதல் ஊராட்சிதோறும் கிருஷி பவன் அமைந்தது. 1996இன் மக்கள் திட்டத்தில் அது ஊராட்சியின் பொறுப்புக்கு வந்தது. அங்கும் மானியக் கோப்புகள் அலுவலரின் நேரத்தைத் தின்கின்றன. ஆனால் அலுவலர் எங்கே என்று கேட்க ஒரு வாசல் இருக்கிறது, கேட்கும் உரிமை கிராம சபைக்கும் இருக்கிறது. பிற மாநிலங்களில் அந்த வாசல் வட்டாரத் தலைநகரில் இருக்கிறது. கூலி நாளை இழந்து, பேருந்துக்குக் காசு கொடுத்து அங்கே போகிறவர் எத்தனை பேர்?

இப்போது ஒன்றிய அரசு வேறு திசையில் விரைகிறது. 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் அடையாள எண், அது நில ஆவணத்தோடு இணைக்கப்படும். ஆலோசனை இனி கைபேசியில் வருமாம். யாருக்கு வரும்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்கு உழுபவர், கணவர் பெயரிலுள்ள நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுக்கும் பெண், வன உரிமைப் பட்டா இன்னும் கைக்கு வராத ஆதிவாசி, இவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் எங்கே? ஆர்கன்சாவில் 1933இல் காசோலை யார் கைக்குப் போனது என்பதை நினைத்துப் பாருங்கள். அரசு ஏற்றுக்கொண்ட 2007ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கையே குத்தகையாளர், வாரக்காரர், விவசாயத் தொழிலாளர் ஆகியோரை விவசாயி என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. புதிய சட்டம் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. எழுதிய வரையறையைப் பதிவேட்டில் செயல்படுத்து என்றே நாம் கோரலாம்.

கிளைகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். ஊரில் இருபது வீடுகளுக்குச் சென்று, கடைசியாகத் தெளித்த மருந்தை யார் சொல்லி வாங்கினீர்கள், அவருக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். அந்த இருபதில் குத்தகையாளர், பெண்கள், கூலிக்குத் தெளிப்பவர்கள் வீடுகள் பாதியாவது இருக்கட்டும். விவரங்கள் மாவட்டக் குழுவுக்கு வந்து சேர்ந்ததும் கோரிக்கை மனுவை எழுத உட்காருவோம்.