எண்ணெய்த் தொட்டிக்கு வீட்டு வரி



செம்பூரில் குடியிருப்போருக்கு மாஹுல் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள் புதிய காட்சியல்ல. 1950-களின் நடுவில் அங்கே இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்த நாள் முதலாக, கவிழ்த்து வைத்த பெரும் அண்டாக்களைப் போல அவை வானத்தை மறைத்து நிற்கின்றன. அவற்றை நாள்தோறும் பார்த்தபடியே அலுவலகம் சென்று வருபவன் நான். ஆயினும், அத்தகைய தொட்டி ஒன்று வீடா, நிலமா, வெறும் பாத்திரமா என்று ஒருநாளும் ஐயுற்றதில்லை. அந்த ஐயம் இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பதை அறிந்தபோது, சொற்களை எடைபோட்டுப் பிழைக்கும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவ்வழக்கில் தனி ஈடுபாடு உண்டாயிற்று. இன்று அதைப் பற்றியே சொல்ல விரும்புகின்றேன்.

வழக்கில் ஒரு பக்கம் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன். மறு பக்கம் பம்பாய் மாநகராட்சி. நிறுவனம் பம்பாயில் பெட்ரோலியம் சேமிக்கத் தொட்டிகளை அமைத்திருந்தது. மாநகராட்சி அவற்றுக்குச் சொத்து வரி விதித்தது. நிறுவனம் மறுத்தது. மத்திய அரசின் நிறுவனம் வரி செலுத்துவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மத்திய அரசின் சொத்துக்கு அரசியல் சட்டத்தில் விலக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் அரசு தொடங்கிய கம்பெனி வேறு, அரசு வேறு. கம்பெனியின் சொத்து அரசின் சொத்தாகிவிடாது. மத்திய அரசின் சம்பளத்தில் வாழும் நானும் என் வாடகை வீட்டின் வரிப்பங்கை வாடகையோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

தொட்டி எவ்வாறு நின்றது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. முதலில் இரண்டரை அடி உயரத்துக்கு மணல் மேடை. மணல் சரியாதிருக்க அதன்மேல் நான்கு அங்குலத் தார்ப் படலம். அதன்மேல் எஃகுத் தகடுகள் விரிக்கப்பட்டன. அவையே தொட்டியின் அடிப்பாகம். சுமார் 30 அடி உயரம், 50 அடி விட்டம், 40 டன் எடை. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு தொட்டி 16 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். எண்ணெயை ஏற்றவும் இறக்கவும் குழாய்கள் பம்பு அறைக்குச் சென்றன. ஆனால் தொட்டியைத் தரையோடு பிணைக்கும் திருகாணி ஒன்றேனும் இல்லை. தன் பாரத்தாலேயே அது நின்றது.

நிறுவனத்தின் வாதம் இங்கேதான் பிறக்கிறது. பூமியில் ஊன்றப்படாத பொருள் எவ்வாறு நிலத்தின் பகுதியாகும்? மனிதர் குடியிராத, வெறும் கொள்கலமான ஒன்று எவ்வாறு கட்டடமாகும்? இதை வெறும் வக்கீல் சாமர்த்தியம் என்று தள்ளிவிடலாகாது. கடைக்காரர் ஒருவர் தம் கொல்லையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வைத்திருந்தால் அதற்கு யாரும் வீட்டு வரி கேட்பதில்லை. பீப்பாய் பெரிதாகிப் பெரிதாகி எந்த அளவில் கட்டடம் ஆகிறது என்ற கேள்வி நியாயமான கேள்வியே. மும்பை உயர் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

மாநகராட்சி கைக்கொண்டிருந்த சட்டம் 1888-ஆம் ஆண்டினது. அதில் 'நிலம்' என்ற சொல் மண்ணை மட்டும் குறிப்பதன்று. மண்ணோடு இணைந்த பொருள்களையும் உள்ளடக்கும். 'கட்டடம்' என்ற சொல்லின் கீழ் வீடு, குதிரை லாயம், கொட்டகை, குடிசை எனத் தொடங்கி, செங்கல்லாலோ மரத்தாலோ மண்ணாலோ உலோகத்தாலோ எழுப்பப்பட்ட இவை போன்ற அமைப்புகள் அனைத்தும் அடங்கும். ஆனால் கட்டடத்திலோ நிலத்திலோ உள்ள இயந்திரங்களின் மதிப்பை வரிக்கணக்கில் சேர்க்கலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. ஆகவே, ஓர் இரும்புப் பொருளை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் பெருந்தொகை அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் என் மனம் சற்றே உறுத்தியது. தாராவியில் தகரத்தையும் மரச் சட்டத்தையும் கொண்டு நம்மவர் எழுப்பிய குடிசை, அச்சட்டத்தின் சொற்களுக்குள் ஐயமின்றி அடங்கிவிடுகிறது. அது கட்டடமா என்று யாரும் டில்லிக்குப் போய்க் கேட்க வேண்டியதில்லை. நாற்பது டன் எஃகுக்கு மட்டும் அந்த ஐயம் எழுந்தது.

உச்ச நீதிமன்றம் 1990 நவம்பர் 27 அன்று தீர்ப்புக் கூறியது. தொட்டிகள் வரிக்கு உட்பட்டவையே என்பது முடிவு. அதற்கு நீதிமன்றம் கைக்கொண்ட சோதனை எளிதானது. பொருளை இருந்தபடியே தூக்கி வேறிடத்தில் வைத்துப் பயன்படுத்த முடியுமா? முடியுமானால் அது அசையும் பொருள். பிரித்துக் கழற்றி, புதிய இடத்தில் மறுபடியும் கட்டியெழுப்ப வேண்டுமா? அவ்வாறாயின் அது பூமியோடு இணைந்தது. திருகாணி உண்டா இல்லையா என்பது முக்கியமன்று. நிலைத்து நிற்பதே முக்கியம்.

நம் பழைய பத்திரங்களில் ஸ்தாவரம், ஜங்கமம் என்று எழுதுவார்கள். கிராமத்து வீட்டை நினைத்துக்கொண்டால் இச்சோதனை உடனே விளங்கும். கல்லுரல் எவ்வளவு பாரமானாலும் நால்வர் சேர்ந்து உருட்டினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்; போன இடத்திலும் அது உரல்தான். களிமண்ணால் வனைந்த நெற்குதிரோ தரையில் சும்மாதான் அமர்ந்திருக்கிறது. ஆனால் பெரிய குதிரைப் பிரிக்காமல் வாசற்படி தாண்டுவிக்க முடியுமா? பாகப்பிரிவினையின்போது உரலுக்குச் சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். குதிர் எந்த அறையில் நின்றதோ அந்த அறையோடு போயிற்று.

இந்தச் சோதனைக்கு ஒரு வேடிக்கையான பின்கதையும் உண்டு. கலால் வரி என்பது உற்பத்தியாகும் சரக்கின் மீது விதிக்கப்படுவது. பூமியோடு இணைந்தது சரக்காகாது. ஆகவே கலால் வழக்குகளில் கம்பெனிகள் நேர்மாறாக வாதிடலாயின. 1990-களில் சிர்ப்பூர் காகித ஆலை, தன் காகித இயந்திரம் கான்கிரீட் தளத்தில் திருகப்பட்டிருப்பதால் அது அசையாப் பொருளே என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. அதிராமல் ஓடுவதற்காகத் திருகியதெல்லாம் அசையாப் பொருளாகிவிடாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. வீட்டு வரிக்காரர் வந்தால் 'சும்மா உட்கார்ந்திருக்கிறது', கலால்காரர் வந்தால் 'வேரூன்றி நிற்கிறது'!

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், மாதுங்காவுக்கும் தாராவிக்கும் அருகே சயனில் உள்ள பெரிய மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். அது மாநகராட்சி நடத்துவது. தமிழ் வழியில் நம் பிள்ளைகள் பயின்ற மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு. குழாயில் வரும் தண்ணீரும் தெருவில் அள்ளப்படும் குப்பையும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே. நகருக்குள் வரும் சரக்கின் மீது மாநகராட்சி தண்டிய ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அதற்கு ஈடாக மாநில அரசிடமிருந்து பணம் வருகிறது என்றாலும், மாநகராட்சி தானே விதித்துத் தானே தண்டும் வரிகளுள் சொத்து வரி முன்னிலும் முக்கியமாகிவிட்டது. பெரிய தொட்டிகள் வரிக்கு வெளியே நின்றிருந்தால், அந்தச் சுமை சிறிய வீடுகளின் மீதல்லவா சாய்ந்திருக்கும்?

வரி கணக்கிடும் முறையும் பின்னர் மாறிவிட்டது. முன்பு, இச்சொத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதித்து, பழுதுபார்க்கும் செலவுக்காக நூற்றுக்குப் பத்து கழித்து வரி போட்டார்கள். 2010 முதல் சொத்தின் மூலதன மதிப்பே அடிப்படை. அதன் விதிகள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் 2022-இல் செல்லாதென்றது. அது வேறொரு நீண்ட கதை.

ஆனால் 'கட்டடம்' என்ற சொல்லின் வழக்கு ஓயவில்லை. கைபேசி வந்தது, ஊர்தோறும் இரும்புக் கோபுரங்கள் எழுந்தன. குஜராத்தில் அவற்றுக்குச் சொத்து வரி விதிக்கப்பட்டபோது, கோபுரத்தைக் கட்டடம் என்பதா என்று கம்பெனிகள் கேட்டன. அங்குள்ள உயர் நீதிமன்றம் கம்பெனிகளின் வாதத்தை ஏற்றது. ஆமதாபாத் மாநகராட்சி உச்ச நீதிமன்றம் சென்றது. 2016 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பில், நிலங்கள் மீதும் கட்டடங்கள் மீதும் மாநிலம் வரி விதிக்கலாம் என்ற அரசியல் சட்டத்தின் சொற்களை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும் என்றும், கோபுரமும் அதற்குள் அடங்கும் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

ஆங்கிலத்தில் உள்ள அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் 'வீடு' என்று எழுதுவதா, 'கட்டடம்' என்று எழுதுவதா, 'கட்டுமானம்' என்று எழுதுவதா என்று நான் பலமுறை பேனாவை நிறுத்தியிருக்கிறேன். இப்போது 'கட்டுமானம்' என்றே எழுதுகிறேன். எதிர்வீட்டு மாடியில் நிற்கும் கோபுரத்தைப் பார்க்கும்போது அச்சொல் பிழையாகத் தோன்றவில்லை. பிரித்துக் கழற்றினாலொழிய அது கீழே இறங்காது.