கைதட்டலுக்குப் பிறகு



2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியதும், எங்கள் காத்தோங்கின் ஈஸ்ட் கோஸ்ட் சாலை அடங்கிப்போனது. லக்சா கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். சிலோன் சாலை செண்பக விநாயகரைப் பக்தர்கள் நேரில் போய்க் கும்பிட முடியவில்லை. ஆனாலும் பேருந்துகள் ஓடின. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழே குப்பை அள்ளப்பட்டது. பலதுறை மருந்தகங்கள் காய்ச்சலோடு வந்தவர்களைத் தனியே உட்காரவைத்துப் பார்த்தன. ஜூன் 1 வரை நாம் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தோம் என்றால், நமக்காகச் சிலர் தினமும் வெளியே போனார்கள் என்று அர்த்தம்.

அவர்களுக்காக, திட்டம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 30 இரவு எட்டு மணிக்கு, தீவு முழுவதும் மக்கள் சன்னலோரம் நின்று கைதட்டினார்கள். மனதார எழுந்த நன்றி அது. அந்த நன்றிக்கு நாம் இன்னும் செய்யவேண்டியது என்ன என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் தாதியர். பாதுகாப்பு உடையும் என்95 முகக்கவசமும் அணிந்துவிட்டால், ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட எல்லாவற்றையும் முறைப்படி கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். தாகத்தை அடக்கிக்கொண்டே வேலை பார்த்தார்கள். வேலை முடிந்து சீருடையோடு ரயிலில் ஏறினால், பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதும் உண்டு. நம்மைக் காப்பாற்றுகிறவரைக் கண்டு நாமே ஒதுங்கினோம்.

2003இல் சார்ஸ் வந்தபோதும் இந்த ஒதுக்கம் இருந்தது. அன்று சிங்கப்பூரில் தொற்றியது 238 பேருக்கு. இறந்தவர்கள் 33 பேர். தொற்றியவர்களில் பத்துக்கு நான்கு பேர் சுகாதார ஊழியர்கள். அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் 330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய் நிலையம். டான் டோக் செங் மருத்துவமனையை ஒட்டி, 2019இல், கொவிட் வருவதற்குச் சற்று முன்னரே அது திறக்கப்பட்டது. கட்டடம் ஆயத்தமாக இருந்தது. ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே?

2021 நவம்பரில் சுகாதார மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் வேலையை விட்டிருந்தார்கள். நோய்ப்பரவலுக்கு முன்பு ஓர் ஆண்டு முழுவதற்குமே அது ஏறத்தாழ 2,000தான். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல், சேர்ந்துகிடந்த விடுப்பை அந்த ஆண்டுக்குள் எடுத்து முடிக்க முடியாத நிலையில் இருந்தார்கள். ஒருவர் விலகினால் அவர் சுமையும் மிச்சமிருப்பவர் தோளில் ஏறும். களைத்தவர் விலக, இருப்பவர் மேலும் களைக்கிறார்.

அடுத்து, மலேசியாவின் ஜோகூரிலிருந்து வேலைக்கு வந்துபோனவர்கள். நோய்ப்பரவலுக்கு முன்பு தினமும் சுமார் 300,000 பேர் எல்லை தாண்டினார்கள். பேருந்து ஓட்டுநர், துப்புரவாளர், காவலர், தாதி எனப் பலரும் அவர்களில் இருந்தார்கள். நம் தமிழர்களும் இருந்தார்கள். 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இடையில் கிடைத்த ஒரே நாளில், வேலையா வீடா என்று முடிவெடுத்து, வேலையைத் தேர்ந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து இங்கே வந்தார்கள். நிலவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்குள் இரண்டு தீபாவளி போய்விட்டது. பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் மட்டுமே பார்த்தபடி நம் பேருந்தை ஓட்டியவர்கள், அன்று முகக்கவசத்துக்குப் பின்னால் என்ன நினைத்திருப்பார்கள்?

2021 ஆகஸ்டு, செப்டம்பரில் பேருந்து முனையங்களிலேயே தொற்றுக் குழுமங்கள் உருவாயின. ஓட்டுநர்கள் சேர்ந்து சாப்பிடும் இடம், இளைப்பாறும் அறை ஆகியவற்றில் கிருமி பரவியது. ஓட்டுநர்கள் நோயில் படுத்தார்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் கூடியது. காற்றோட்டமான ஓய்வறை ஓட்டுநருக்குக் காட்டும் சலுகை அல்ல, பயணிக்கும் அதுவே பாதுகாப்பு என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2024இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம். வெளிநாட்டுத் தாதியருக்கும் அதில் இடமுண்டு. மனதார வரவேற்கிறேன். இதே நீண்டகால அக்கறை பேருந்து ஓட்டுநருக்கும் துப்புரவாளருக்கும் கிடைக்கவேண்டும்.

நோய் இல்லாத காலத்தில் கூடுதல் ஊழியர் இருந்தால் வீண்செலவு என்று தோன்றும். ஒரு தாதி நிம்மதியாக விடுப்பில் ஊருக்குப் போய்வர அந்தக் கூடுதல் ஆள்தான் வழி. நாளை ஒரு கிருமி வந்தால் வார்டு சாயாமல் நிற்பதும் அவராலேதான். அதற்கு ஆகும் செலவு நம் வரியிலிருந்தும் நாம் கட்டும் கட்டணத்திலிருந்தும்தான் வரும். அந்தச் செலவு கேட்கப்படும்போது முணுமுணுக்காமல் சம்மதிப்போம். அன்று கைதட்டிய நாம் செய்யவேண்டிய மிச்ச வேலை அதுதான்.