தாளம் வகுக்கும் கலை



கோலாட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாட்டு ஒன்று, ஆடுவோர் பலர். எந்த இடத்தில் தன் கோல்களைத் தட்டுவது, எந்த இடத்தில் எதிரிலிருப்பவரின் கோலைத் தட்டுவது, எங்கே திரும்புவது என்பவற்றையெல்லாம் ஒருவர் முன்னரே எண்ணி வகுத்திருக்கிறார். பின்னல் கோலாட்டத்தில் இவ்வொழுங்கு கண்ணுக்கே புலனாகும். மேலிருந்து தொங்கும் கயிறுகள் ஆட்டத்தோடு பின்னிக்கொள்கின்றன. எதிர்முறையாக ஆடினால் அவிழ்கின்றன. ஒருவர் அடி தவறினாலும் பின்னல் சிக்கிக்கொள்ளும். ஆடுவது ஒரு திறமை. ஆட்டத்தை வகுப்பது வேறொரு திறமை. இன்று நான் பேசப் புகுவது இரண்டாவதைப் பற்றியே.

கணினியிலும் கைப்பேசியிலும் இளைஞர் ஆடும் தாள விளையாட்டுகள் கோலாட்டத்திலிருந்து பிறந்தவை அல்ல. ஆயினும் அதனோடு உறவுடையவை. பாட்டு ஒலிக்கும், திரையில் குறிகள் தோன்றும், தாளத்தோடு பொருந்தும் கணத்தில் தட்ட வேண்டும். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்னும் ஆட்டத்தில் கால்களால் மிதித்து ஆடினர். டீன் ஹெர்பர்ட் என்னும் ஆஸ்திரேலியர் 2007-இல் ‘ஓஸு’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதிலுள்ள ஆட்ட அமைப்புகளுள் மிகப் பெரும்பாலானவை ஆடுவோரே வகுத்தவை. வகுப்பதற்குரிய கருவியும் விளையாட்டினுள்ளேயே விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வமைப்பை மாணவர் ‘லெவல்’ என்றும் ‘மேப்’ என்றும் வழங்குகின்றனர்.

எங்கள் தவளக்குப்பத்து மாணவரிடையிலும் இவ்வாட்டங்களை ஆடுவோர் உண்டு. ஆனால் ஆடுவோர் பலராயினும் வகுப்போர் சிலரே. எவ்வாறு தொடங்குவது என்ற தயக்கமே அதற்குக் காரணம். தொடங்கும் வழி அரிதன்று.

முதற்கண், ஒன்றிரண்டு நிமிடமே ஒலிக்கும் பாட்டொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் வேகம் தொடக்கமுதல் இறுதிவரை மாறாதிருத்தல் நன்று. அதைப் பலமுறை கேளுங்கள். கேட்கும்போது கையால் தாளம் போடுங்கள். கை தடுமாறாமல் தாளம் போட முடியாத பாட்டுக்கு ஆட்டம் வகுக்க முற்படுதல் கூடாது.

அடுத்தது அளத்தல். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கணக்கிட வேண்டும். 120 தட்டு என்றால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி. பாட்டின் உண்மை வேகம் 120-ஆக இருக்க, நீங்கள் 121 என்று குறித்துவிட்டால் என்ன நேரும்? தொடக்கத்தில் வேறுபாடு தெரியாது. ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 4 மில்லி விநாடியே பிழை. ஆனால் ஒரு நிமிடம் சென்றபின் ஒரு முழுத்தட்டு பிசகியிருக்கும். சிறுபிழை சேர்ந்து பெரும்பிழையாவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? வேகத்தைப் போலவே முதல் தட்டு விழும் கணத்தையும் நுட்பமாகக் குறிக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது நடையறிதல். இங்கே நம் இசைமரபு உங்களுக்குக் கைகொடுக்கும். ஆதி தாளத்தில் நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு அட்சரங்கள் உண்டு. ஓர் அட்சரத்தை நான்காகப் பகுத்தால் ‘தகதிமி’ என்னும் சதுச்ர நடை. மூன்றாகப் பகுத்தால் ‘தகிட’ என்னும் திச்ர நடை. கணினிக் கருவியிலும் தட்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தை மூன்றாகவோ நான்காகவோ பகுக்கும் கோடுகள் உள்ளன. ‘தகிட’ என்று நடக்கும் பாட்டை நான்காகப் பகுத்துவிட்டுக் குறிகள் பொருந்தவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பகுப்பு வேண்டும் என்பதை நாவே தெரிவித்துவிடும்.

இதன்பின்னரே குறிகளை இடத் தொடங்குக. பாடுவோரின் குரலைப் பின்பற்றுவதா, தாளக்கருவியின் ஒலியைப் பின்பற்றுவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒலிக்கும் ஒவ்வொன்றுக்கும் குறியிட்டால் ஆட்டம் இரைச்சலாகும். பாட்டு தணியும் இடத்தில் ஆடுவோரின் கையும் ஓயட்டும். ஐயம் வந்தால் பாட்டைப் பாதி வேகத்தில் ஒலிக்கச் செய்து கேளுங்கள். கருவியில் அதற்கு வசதி உண்டு.

வினாத்தாள் அமைத்துப் பழகிய ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். கடுமை வேறு, வஞ்சனை வேறு. நல்ல வினாத்தாள் கடினமாக இருக்கலாம். ஆனால் விடை பாடத்தில் இருக்க வேண்டும். அதுபோல, நீங்கள் இடும் ஒவ்வொரு குறிக்கும் காரணம் பாட்டில் இருக்க வேண்டும். ஆடுவோன் தோற்றால், ‘நான் சரியாகக் கேட்கவில்லை’ என்று அவனுக்கே தோன்ற வேண்டும். ‘என்னை ஏமாற்றிவிட்டான்’ என்று தோன்றுதல் ஆகாது. விரைவாகவும் திகைப்பூட்டுவதாகவும் வகுத்துத் தம் திறமையைக் காட்டுவோர் உளர். அவர்கள் ஆடுவோனை மறந்தவர்கள். கோலாட்டத்தை முதலில் விளம்ப காலத்தில் கற்பித்துப் பின்னரே வேகத்தைக் கூட்டுவர். நீங்களும் ஒரே பாட்டுக்கு எளியது, நடுத்தரம், கடினம் என்று மூன்று படிகள் அமையுங்கள். எளியதை அமைப்பதே கடினம் என்பதை அப்போது உணர்வீர்கள். வகுத்ததை முதலில் நீங்களே ஆடிப் பாருங்கள். பின்னர், அதை முன்பு கண்டிராத ஒருவரிடம் கொடுத்து, வாய்திறவாமல் அருகிலிருந்து கவனியுங்கள். அவர் தயங்கும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

பாட்டின் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. பிறர் உழைப்பை இசைவின்றிப் பரப்புதல் முறையன்று. உரியவர் இசைவளித்த பாட்டைக் கொள்ளுங்கள். இல்லையேல் வழிவழியாக வரும் கும்மிப் பாட்டொன்றை நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள். பாடும்போது காதில் தாளமானி ஒலிக்கட்டும், வேகம் மாறாது.

பிறர் வகுத்ததை ஆடுவதில் இன்பம் உண்டு. தாமே வகுப்போர் அதனினும் பெரிய பயனொன்றைப் பெறுகின்றனர். இதுகாறும் செவியில் வெறுமனே விழுந்துகொண்டிருந்த பாட்டை அவர்கள் முதன்முறையாக முழுவதும் கேட்கிறார்கள். இவ்வாரம் ஒரு சிறு பாட்டை எடுத்து, முதல் எட்டு ஆவர்த்தனங்களுக்கு மட்டும் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.