இருதயமும் இல்லறமும்

நம் உடம்பில் ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். மூடிய கையளவே ஆன அது நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இவ்வுறுப்பு, தன் அறைகளில் நிறைந்திருக்கும் இரத்தத்தை அப்படியே தனக்கு உணவாக்கிக்கொள்வதில்லை. ஊர் வயலுக்கெல்லாம் நீர் இறைப்பவனுக்கும் குடிநீர் தனியே வேண்டியிருப்பது போல, இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தத்தை அதன் மேற்புறத்தில் ஓடும் இரண்டு குழாய்களும் அவற்றின் கிளைகளுமே கொண்டுதருகின்றன. அக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுமானால், அதனை நம்பியிருந்த தசை பட்டுப்போகத் தொடங்குகிறது. மாரடைப்பு என்று நாம் அஞ்சுவது இதுவே.

அடைப்பு நேர்வது ஒரு நாளில். அதற்குரிய படிவு சேர்வதோ பல்லாண்டுகளில். அவ்வாண்டுகள் கழிவது மருத்துவமனையில் அன்று, நம் வீட்டில். ஆகவே இருதய நோயை ஒருவருடைய தனித் துன்பமாகக் கொள்ளாது, குடும்பம் முழுவதற்கும் உரிய பொறுப்பாக எண்ணிப் பார்ப்பது நலம்.

52 நாடுகளில் நடைபெற்று 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி, முதல் மாரடைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒன்பது காரணங்கள் பொறுப்பு என்று காட்டியது. புகையிலை, இரத்தத்தில் கொழுப்பின் சீர்கேடு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனச்சுமை, காய்கனி குறைந்த உணவு, உழைப்பின்மை, மது ஆகியவற்றோடு தொடர்புடையவை அவை. நம்மைப் போன்ற தெற்காசிய நாட்டாருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில், பிறரைவிடச் சுமார் 6 ஆண்டுகள் முந்தி வருகிறது என்பதும் அதனால் விளங்கியது. ஐம்பத்து மூன்று வயது எத்தகைய வயது? மகளின் திருமணமும் மகனின் படிப்பும் வீட்டுக் கடனும் ஒருங்கே தோளில் இருக்கும் வயதல்லவா? அவ்வேளையில் சாய்வது ஒருவர் மட்டும் அன்று; ஒரு குடும்பமே சாய்கிறது.

எங்கே தொடங்குவது? அடுக்களையில் தொடங்குவோம். நாளொன்றுக்கு ஒருவர் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இஃது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. நால்வர் கொண்ட வீட்டுக்குக் கணக்கிட்டால் நாளைக்கு 20 கிராம்; ஒரு கிலோ உப்பு 50 நாட்களுக்கு வருதல் வேண்டும். நம் வீட்டில் எத்தனை நாட்களுக்கு வருகிறது? ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடையில் வாங்கும் காரப் பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பையும் இதனுடன் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். எண்ணெயையும் இவ்வாறே மாதக் கணக்கில் அளந்து, ஆளுக்கு அரை லிட்டர் அளவில் நிறுத்தலாம். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் தீது. வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு மிகக் கேடு விளைப்பதாதலால், 2022-ஆம் ஆண்டு முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படக் கூடாதென்று நம் நாட்டில் விதி செய்யப்பட்டுள்ளது.

இல்லத்தில் ஒருவருக்கு நோய் கண்டவுடன் அவருக்கென்று தனிச் சமையல் செய்வது பலரது வழக்கம். உப்பில்லாப் பண்டத்தை அவர் மட்டும் தனித்து உண்ண, மற்றவர்கள் பழையபடியே உண்கிறார்கள். தண்டனை பெற்றவர் போல் உண்ணும் உணவு எத்தனை நாள் நிலைக்கும்? அவருக்கு நன்மையான உணவு பிள்ளைகளுக்கும் நன்மையானதே. எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதே சாலச் சிறந்தது.

அடுத்தது நடை. 1953-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்தில் மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அந்நகரின் இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநருக்கு இருதய நோய் குறைவாக வந்தது என்று அவர்கள் கண்டனர். இருவரும் பணியாற்றியது ஒரே வண்டியில், வேறுபட்டது உடலுழைப்பு. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நமக்குப் போதிய தொடக்கமாகும். நாளைக்கு அரை மணியாக ஐந்து நாள்.

புகையிலையைப் பற்றி ஒரு சொல். பீடியோ சிகரெட்டோ வாயில் மெல்லுவதோ, எதுவும் தீங்கற்றதன்று. வீட்டினுள் புகைப்பவரின் புகை குழந்தைகளின் நெஞ்சிலும் புகுகிறது. ஆனால் விட்டவர்க்கு நற்செய்தி உண்டு: புகைப்பதை நிறுத்திய ஓராண்டளவில், இருதய நோய்க்குரிய அபாயம் தொடர்ந்து புகைப்பவருடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியின்றி வளர்வன. அளந்து பார்த்தாலன்றித் தெரியா. 30 வயது கடந்தவர்க்கு இவற்றை அரசினர் சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். கணவரை அழைத்துச் செல்லும் மனைவி தம் கையையும் நீட்டுதல் வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய குழம்பையும் ஊறுகாயையும் கொண்டு கடைசியாக உண்ணும் இல்லத்தரசியரின் நோயே நம் வீடுகளில் கடைசியாகக் கவனிக்கப்படுகிறது. இது மாறவேண்டும்.

நோய் வந்தே விட்டால்? நடு மார்பில் பாரம் வைத்தாற்போன்ற வலி, அது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன அறிகுறிகள். பெண்டிருக்கும் நீரிழிவுடையாருக்கும் வலியின்றி மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றுதலும் உண்டு. இதனை 'வாயு' என்று பெயரிட்டு, சோடாவும் ஓமநீரும் பருகிக் காத்திருப்பதே நம்மிடையே உயிர்களைக் கவரும் பிழை. நம் நாட்டின் 89 மருத்துவமனைகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேர் அறிகுறி தோன்றி ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே மருத்துவமனையை அடைந்தனர். அடைப்பை நீக்கும் மருத்துவம் முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பயன் தருவது. ஆதலின் நள்ளிரவானாலும் தயங்காது 108 அல்லது 112 எண்ணை அழைத்தல் வேண்டும். நோயாளி தாமே வண்டியோட்டிச் செல்லுதல் ஆகாது.

பிழைத்து வீடு திரும்பியவரைச் சுற்றத்தார் கண்ணாடிப் பாத்திரம் போல் நடத்துகிறார்கள். 'எழாதே, நடவாதே, பேசாதே' என்னும் அன்பே அவரை நோயாளியாக்கிவிடுகிறது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய காலம் போயிற்று; சிக்கலற்றவர்களைச் சில நாட்களிலேயே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நம் நாட்டின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளிவந்தது. யோகப் பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு முறை, மரணத்தையும் மறு தாக்குதலையும் ஐயமறக் குறைத்ததாக அதில் நிறுவப்படவில்லை. ஆயினும் அப்பயிற்சி பெற்றோர் தம் உடல்நிலை தேறியதாக உணர்ந்து, முன்னைய அலுவல்களுக்கு மிகுதியாகத் திரும்பினர். இரண்டு மாடி ஏறியும் மார்வலியோ மிகுந்த மூச்சிரைப்போ இல்லாதவர் தாம்பத்திய வாழ்வுக்கும் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. இதனை மருத்துவரிடம் கேட்டறிவதில் நாணமும் வேண்டா.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. உடல் நலமாயிருக்கிறதே என்று மாத்திரைகளைத் தாமே நிறுத்துவோர் பலர். உடல் நலமாயிருப்பது பெரிதும் அம்மாத்திரைகளால் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எந்த மாத்திரை எப்பொழுது என்பதை வீட்டில் இன்னும் ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பெருஞ்செலவின்றித் தொடங்கக்கூடிய காரியங்கள் இவை. புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதியை எழுதி வைப்போம். இரவு உணவுக்குப் பின் வீட்டார் அனைவரும் சேர்ந்து தெருக்கோடிவரை நடந்து வருவோம். ஓய்வின்றி நமக்காக உழைக்கும் அச்சிறு உறுப்புக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.